குளிர்விக்கும் சிகிச்சையும் உடலின் செலவும்

நின்றுபோன இதயத்தை மார்பை அழுத்தியும் மின்னதிர்ச்சி கொடுத்தும் மீண்டும் துடிக்கச் செய்யும் வித்தை சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வைத்தியர்களுக்குக் கைவந்துவிட்டதாயினும், இதயம் துடிக்கத் தொடங்கிய பிறகும் கண் திறவாமல், அழைத்தால் அசையாமல் கிடக்கும் மனிதனுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு அதன்பின் நெடுங்காலம் விடை கிடைக்கவில்லை. ரத்த ஓட்டம் நின்று பத்து விநாடியளவில் பிரக்ஞை போய்விடுகிறது. சில நிமிஷங்களில் மூளையின் உயிரணுக்களிலுள்ள சக்தியும் தீர்ந்துவிடுகிறது. உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, உடல் முழுவதும் செலவிடும் பிராணவாயுவில் நூற்றுக்கு இருபது பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. அதைச் சேமித்து வைத்துக்கொள்ளும் வசதியும் அதற்கு இல்லை. ஆகவே, வருமானம் அற்றுப்போன குடும்பம் செலவைச் சுருக்கிக்கொண்டு கெட்ட காலத்தைக் கடத்துவது போல, உடலைச் சில டிகிரி குளிர்வித்து, அதன் வளர்சிதை மாற்றத்தைத் தணித்து, மூளையின் தேவையைக் குறைத்துவிட்டால், அடிபட்ட அந்த உறுப்பு பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணம் எழுந்தது இயல்பே. 2002-க்குப் பின் சுமார் இருபது ஆண்டுகள் உலகத்தின் பெரிய மருத்துவமனைகளை ஆண்ட எண்ணம் இது. அழகிய எண்ணந்தான். ஆயினும், குளிர் உடலின் வளர்சிதை மாற்றத்தில் என்ன செய்கிறது என்பதை நெருங்கிப் பார்க்குந்தோறும், இச்சிகிச்சைக்குக் கூறப்பட்ட காரணம் வேறு, அதனால் விளைந்த நன்மைக்கு மூலமான காரணம் வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

குளிரைச் சிகிச்சையாகக் கையாளும் ஆசை பழையது. ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் ஃபே என்ற நரம்பு அறுவை நிபுணர் 1930-களின் இறுதியிலேயே புற்றுநோயாளிகளைக் குளிர்வித்துப் பார்த்தார். ஆனால் உடலின் தேவையைக் குறைப்பது என்ற நோக்கத்தைத் தெளிவாக வகுத்துக்கொண்டு அதைச் சோதித்தவர் டொரான்டோ நகரத்து வில்ஃப்ரெட் பிகலோ. நாய்களை 20 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து, இதயத்துக்கு வரும் ரத்தத்தைக் கால்மணி நேரம் தடுத்து நிறுத்தி, பின்னர் அவற்றில் பலவற்றை உயிரோடு மீட்டதாக 1950-ல் அவர் வெளியிட்டார். 1952 செப்டம்பரில் மின்னசோட்டாவில் ஜான் லூயிஸ் ஓர் ஐந்து வயதுச் சிறுமியைச் சுமார் 28 டிகிரிக்குக் குளிர்வித்து, ஐந்தரை நிமிஷத்துக்குள் இதயத்தைத் திறந்து, அதன் உட்சுவரில் இருந்த ஓட்டையை அடைத்து மூடினார். இதயத்தின் உள்ளே கண்ணால் பார்த்துக்கொண்டே கைவேலை செய்வதற்கு அன்று வழி பிறந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் தர்க்கம் பழுதற்றது; ஏனெனில், முதலில் தேவையைக் குறைத்தார்கள், அதன்பிறகே வரவை நிறுத்தினார்கள். நடுத்தெருவில் இதயம் நின்று விழுந்த மனிதனுடைய நிலைமையோ இதற்கு நேர்மாறானது. வரவு நின்றபோது அவனுடைய உடல் 37 டிகிரியில் இருந்தது. குளிர் வந்து சேர்வது, ரத்தம் மீண்டும் ஓடத் தொடங்கிப் பல மணி நேரம் கழித்து. பிராணவாயு இல்லாத வேளையில் கிடைத்திருக்க வேண்டிய சலுகையை, பிராணவாயு தாராளமாகக் கிடைக்கும் வேளையில் கொடுப்பதால் என்ன பயன் என்ற வினாவை அன்றே அழுத்தமாகக் கேட்டிருக்க வேண்டும். 1959-ல் பால்டிமோரிலிருந்து பென்சன் முதலியோர் வெளியிட்ட சிறு ஆய்வு, இதயம் நின்று மீண்டவர்களில் குளிர்விக்கப்பட்ட பன்னிருவரில் பாதிப்பேர் பிழைத்ததையும், குளிர்விக்கப்படாத எழுவரில் ஒருவரே பிழைத்ததையும் காட்டியது. நம்பிக்கை தரும் கணக்கு. ஆனால் பத்தொன்பது பேரை வைத்துக்கொண்டு எதையும் நிலைநாட்ட முடியாது. அக்காலத்தில் 30 டிகிரியை ஒட்டிச் சென்ற ஆழ்ந்த குளிரால் இதயத் துடிப்பு தாறுமாறாவதும், தொற்று நோய்கள் பெருகுவதும் கண்டு வைத்தியர்கள் அஞ்சி விலகினர். பிட்ஸ்பர்க்கில் பீட்டர் சஃபார் போன்ற சிலர் மட்டும் அந்த எண்ணத்தைக் கைவிடாமல், மிதமான குளிரே போதும் என்பதை நாய்களில் மெல்ல மெல்ல நிறுவி வந்தனர்.

2002 பிப்ரவரியில் ஒரே மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்து நிலைமையைத் தலைகீழாக்கின. ஐரோப்பாவில் 275 பேரிடம் நடந்த ஆய்வில், 32-க்கும் 34-க்கும் இடைப்பட்ட உஷ்ணத்தில் 24 மணி நேரம் வைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அறிவு தெளிந்து எழுந்தனர். மற்றவர்களில் அந்தக் கணக்கு 39. மெல்போர்னில் ஸ்டீஃபன் பெர்னார்ட் 77 பேரை வைத்து நடத்திய ஆய்வில் 49-க்கு எதிரே 26. இந்த எண்களைப் படித்த அன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் எழுந்த உற்சாகத்தைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அதுவரையில் வெறுமனே காத்திருந்த இடத்தில், செய்வதற்கு ஒரு காரியம் கிடைத்துவிட்டது. ஆனாலும் குறைகள் கண்ணெதிரிலேயே இருந்தன. மெல்போர்னில் யாரைக் குளிர்விப்பது என்பதை மாதத் தேதி ஒற்றையா இரட்டையா என்று பார்த்தே தீர்மானித்தனர். ஐரோப்பாவில் குளிர்விக்கப்படாத கூட்டத்தாரின் உஷ்ணம் 37 டிகிரியில் நில்லாமல் மேலே ஏறியிருந்தது. அதாவது, குளிர்ந்த உடலோடு ஒப்பிடப்பட்டது இயல்பான சூடுள்ள உடல் என்று நாம் எண்ணியிருக்க, உண்மையில் ஒப்பிடப்பட்டது ஓரளவு காய்ச்சல் கண்ட உடல். மேலும், இலக்கு உஷ்ணத்தை எட்டவே அங்கே நடுவளவாக எட்டு மணி நேரம் பிடித்தது.

இனி வளர்சிதை மாற்றத்தின் கணக்கைப் பார்ப்போம். உஷ்ணம் ஒரு டிகிரி இறங்கினால் மூளை செலவிடும் பிராணவாயு நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு குறைகிறது. 37-லிருந்து 33-க்கு இறங்கினால் மொத்தக் குறைவு சுமார் கால் பங்கு. இதயம் நின்ற வேளையிலேயே இந்தக் கால் பங்கு கிடைத்திருந்தாலும், நாலு நிமிஷம் தாங்கக்கூடிய மூளை ஐந்து நிமிஷத்துக்குச் சற்று மேல் தாங்கியிருக்கும், அவ்வளவே. தவிர, மீண்டெழுந்த மூளையின் வளர்சிதை மாற்றம் முதல் நாளில் ஆரோக்கியமான மூளையினுடையதைவிட ஏற்கெனவே தாழ்ந்தே இருக்கிறது என்பதையும் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. தானே ஒடுங்கிக் கிடக்கும் செலவை மேலும் ஒடுக்குவதால் இவ்வளவு பெரிய லாபம் வருமா?

இந்தச் சந்தேகத்துக்குச் சான்றாக இரண்டு செய்திகள் உண்டு. இந்த விஷயம் பற்றி எழுதுவோர் அவற்றைச் சேர்த்துப் பார்க்கத் தவறிவிடுவது எனக்கு வருத்தமே. முதலாவது, பார்பிச்சுரேட் வகை மருந்துகள் மூளையின் வளர்சிதை மாற்றத்தைக் குளிரைவிட ஆழமாகவே தணிக்க வல்லவை. இதயம் நின்று மீண்டு நினைவின்றிக் கிடந்த 262 பேரிடம் அவ்வகையைச் சேர்ந்த தயோபென்டாலைப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1986-ல் வெளியாயிற்று. குறிப்பிடத்தக்க பயன் எதுவும் காணப்படவில்லை. தேவையைக் குறைப்பதே மருந்து என்றால் அந்த மருந்து அன்றே பலித்திருக்க வேண்டும். இரண்டாவது, 1987-ல் மியாமியில் ராவுல் பூஸ்டோ குழுவினர் எலிகளின் மூளைக்குச் செல்லும் ரத்தத்தை 20 நிமிஷம் தடுத்து, மூளையின் உஷ்ணத்தைச் சில டிகிரிகள் மட்டும் மாற்றிப் பார்த்தனர். சக்தியின் கையிருப்பு எல்லா எலிகளிலும் கடுமையாகத் தீர்ந்துபோயிருந்தது. இருந்தும், சற்றே குளிர்ந்த மூளைகளில் மடிந்த உயிரணுக்கள் மிகக் குறைவு. காப்பாற்றியது சேமிப்பு அன்று என்பது இதனால் விளங்குகிறது. நரம்பணுக்களை வெறிகொள்ளச் செய்யும் குளூட்டமேட் என்ற ரசாயனம் பெருகி வெளிப்படுவதைக் குளிர் தடுத்தது என்று அதே குழுவினர் பின்னர் கண்டனர். உயிரணுவுக்குள் சுண்ணாம்புச் சத்து வெள்ளமாகப் பாய்வது, மைட்டோகாண்ட்ரியா சீர்குலைவது, ரத்தம் திரும்பியவுடன் நாசகரமான பிராணவாயு மூலகங்கள் தோன்றுவது ஆகிய தொடர் விபத்துகளின்மேல் குளிர் வைக்கும் கை, பிராணவாயுச் செலவின்மேல் வைக்கும் கையைவிட வலியது போலும். அப்படியானால் அந்தக் கை வேளைக்கு வந்து சேர வேண்டும். எட்டு மணி நேரம் கழித்து வருவது பல சந்தர்ப்பங்களில் பிந்திய வருகையே.

மூளையை விட்டு உடல் முழுவதையும் நோக்கினால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. உடல் குளிரை ஏற்றுக்கொண்டு வாளாவிருப்பதில்லை. அதை எதிர்த்துப் போராடுகிறது. உஷ்ணம் 36.5 டிகிரிக்குக் கீழே வரும்போது தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, 35.5 அளவில் உதறல் தொடங்குகிறது. இந்த உதறல் உடலின் பிராணவாயுச் செலவை ஏறக்குறைய இரண்டு மடங்காகவும் ஆக்கிவிட வல்லது. செலவைக் குறைப்பதற்காகக் குளிர்வித்த நோயாளி, குளிர்வித்த காரணத்தாலேயே முன்னிலும் அதிகமாகச் செலவிடுகிறான் என்பது இச்சிகிச்சையின் நெஞ்சிலேயே இருக்கும் முரண்பாடு. அதனால்தான் அனுபவமுள்ள நர்ஸ் தன் உள்ளங்கையை நோயாளியின் கழுத்தோரத்திலும் மார்பின் மேலும் வைத்துச் சிறிது நேரம் அசையாமல் நிற்கிறார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அதிர்வு கையில் தட்டுப்பட்டால் அது முதற்படி. தோளும் புஜமும் ஆடினால் இரண்டாம் படி. கட்டில் குலுங்க உடல் முழுவதும் உதறினால் மூன்றாம் படி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நீரஜ் பட்ஜாட்டியா குழுவினர் 2008-ல், நோயாளியின் மூச்சுக் காற்றை அளந்து உடலின் சக்திச் செலவைக் கணக்கிட்டு, கையால் உணரும் இந்தப் படிகளுக்கும் அந்தச் செலவுக்கும் நேரடியான பொருத்தம் இருப்பதை நிரூபித்தனர். விலையுயர்ந்த யந்திரங்கள் சூழ்ந்த அறையில் ஒரு மனிதக் கையின் தீர்ப்பு இவ்வளவு நம்பகமாக இருப்பது என்னை மிகவும் கவர்ந்த செய்தி.

உதறலை அடக்க மக்னீசியம் தருகிறார்கள், கைகால்களையும் முகத்தையும் வெதுவெதுப்பான காற்றால் போர்த்துகிறார்கள், பெத்திடின் கொடுக்கிறார்கள், உறக்க மருந்தைக் கூட்டுகிறார்கள், கடைசியில் தசைகளையே செயலற்றவையாக்கும் மருந்தைச் செலுத்துகிறார்கள். இங்கே இன்னொரு தொல்லை முளைக்கிறது. மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றுவதும் வளர்சிதை மாற்றத்தின் ஒரு பகுதியே அல்லவா? கல்லீரலின் நொதிகள் குளிரில் மந்தமடைவதால், மிடசோலம், புரோபோஃபால், ஃபென்டனில் முதலியவை ரத்தத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தேங்கி, உடல் மீண்டும் சூடேறிய பிறகும் நெடுநேரம் தங்கிவிடுகின்றன. மூன்றாம் நாள் காலை நோயாளி கண் திறக்கவில்லை, வலிக்கு அசையவில்லை என்றால், அது மூளை அழிந்ததற்கு அடையாளமா, உள்ளே இன்னும் கரையாத மருந்தின் வேலையா? இதற்கு விடை தெரியாத நிலையில், வெளியே காத்திருக்கும் மனைவியிடமோ மகனிடமோ நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிடுவதைப் போன்ற பாதகம் வேறு இல்லை. தீர்ப்புக் கூறுமுன் 72 மணி நேரமாவது பொறுக்க வேண்டும், மருந்தின் மிச்சம் தீர்ந்ததா என்று பார்க்க வேண்டும், ஒரே சோதனையை நம்பலாகாது என்று இன்றைய வழிகாட்டு நெறிகள் வற்புறுத்துவதற்குக் குளிர்விக்கும் சிகிச்சை கற்பித்த பாடமும் ஒரு காரணம்.

ரசாயன மாறுதல்கள் அடுத்து வருவன. குளிரில் கணையம் இன்சுலினைக் குறைவாகச் சுரக்கிறது. சுரந்த இன்சுலினுக்கும் திசுக்கள் முன்போல் இணங்குவதில்லை. ஆகவே ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. அதற்கென்று வைத்தியர் இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போய், உடல் சூடேறும் வேளையில் குறைக்க மறந்தால், சர்க்கரை திடீரென்று சரிந்து, காப்பாற்ற நினைத்த மூளையே பட்டினி கிடக்க நேரும். கொழுப்பு அதிகமாகச் சிதைந்து, கொழுப்பு அமிலங்களும் கீட்டோன்களும் லாக்டேட்டும் சற்று உயர்கின்றன. பொட்டாசியம் குளிரில் உயிரணுக்களுக்குள் ஒதுங்கி, சூடேறும்போது வெளியே வருகிறது. குளிர்ந்த வேளையில் ஈடுசெய்யத் தாராளமாகக் கொடுத்துவிட்டு அவசரமாகச் சூடேற்றினால், அது பெருகி இதயத்தையே நிறுத்திவிடக் கூடும். மணிக்குக் கால் டிகிரி அல்லது அரை டிகிரிக்கு மேல் சூடேற்றாதிருப்பது இதனால் ஏற்பட்ட விவேகம்.

இன்னும் நுட்பமானது மூச்சுக் காற்றின் விஷயம். வளர்சிதை மாற்றம் தணியும்போது உடலில் உற்பத்தியாகும் கரியமில வாயுவும் குறைகிறது. வென்டிலேட்டரோ முன்பு வைத்த கணக்கிலேயே மூச்சைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதனால் ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேற்றப்பட்டு, மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனைக்கு அனுப்பும் ரத்தமும் ஒரு சூட்சுமம் செய்கிறது. 33 டிகிரியில் எடுத்த ரத்தத்தை யந்திரம் 37 டிகிரிக்குச் சூடேற்றியே அளக்கிறது. சூட்டில் கரைந்த வாயு விடுபட்டு அழுத்தம் உயர்கிறது. டிகிரிக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வீதம் கழித்துப் பார்த்தால், காகிதத்தில் 38 என்று சாந்தமாகக் காணப்படும் எண், அந்த உடலுக்குள் உண்மையில் 30 அளவே. உஷ்ணத்தைத் தெரிவிக்காமல் அனுப்பிய ஒரு குப்பி ரத்தம், நோயாளியின் மூளைக்குச் செல்லும் ஓட்டத்தையே குறைத்துவிடும் முடிவுக்கு வழிவகுக்கலாம். இக்குறைகள் எல்லாம் திருத்தக் கூடியவை. ஆனால் திருத்துவதற்கு இரவு முழுவதும் விழித்திருக்கும் கண்களும், மணிக்கு மணி செய்யும் பரிசோதனைகளும் வேண்டும். அவை உள்ள இடத்தில் குளிர் ஒரு கருவி. இல்லாத இடத்தில் அது ஆபத்து.

பிற்கால ஆய்வுகளின் வரலாறு சுருக்கமானது. நிக்லஸ் நீல்சன் தலைமையில் 2013-ல் வெளியான ஆய்வு 939 பேரை வைத்து 33 டிகிரியையும் 36 டிகிரியையும் ஒப்பிட்டது, வித்தியாசம் தென்படவில்லை. சியாட்டில் வட்டாரத்தில் ஆம்புலன்ஸிலேயே குளிர்ந்த உப்பு நீரை நரம்பில் ஏற்றிப் பார்த்தனர். சீக்கிரம் குளிர்ந்தார்கள், ஆனால் பிழைத்தோர் தொகை கூடவில்லை, வழியிலேயே இதயம் மறுபடி நின்றவர்கள்தாம் கூடினர். 2021-ல் 1,900 பேரைச் சேர்த்து நடந்த பேராய்வு, 33 டிகிரியை, காய்ச்சல் வராமல் தடுத்து 37.5-க்குள் வைப்பதோடு ஒப்பிட்டது. ஆறு மாதத்தில் இறந்தவர்கள் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 50, இரண்டாவதில் 48. ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும் துடிப்புக் கோளாறு 24-க்கு 17. இதற்கு மாறாக நிற்பது 2019-ல் ஃபிரான்ஸில் வெளியான ஆய்வு ஒன்றே: மின்னதிர்ச்சியால் சீராக்க முடியாத வகையில் இதயம் நின்றவர்களில், நல்ல நினைவோடு மீண்டவர்கள் 37 டிகிரியில் நூற்றுக்கு 5.7 ஆக இருக்க, 33 டிகிரியில் 10.2 ஆக இருந்தனர். எனவேதான் ஐரோப்பிய நெறி 2022-ல் 37.7 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சலை மூன்று நாள் தடுப்பதை முதற்கடமையாக வைத்தது. அமெரிக்க நெறியோ 32 முதல் 37.5 வரை விசாலமான இடம் விட்டது.

குளிரின் தன்மை இடத்துக்கு இடம் எப்படி மாறும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. பிறக்கும்போது பிராணவாயு இன்றி மூளை அடிபட்ட சிசுக்களைக் குளிர்விப்பது செல்வ நாடுகளில் நன்மை தந்தது. சென்னை உட்பட இந்தியாவிலும் இலங்கையிலும் வங்காள தேசத்திலும் உள்ள மருத்துவமனைகளில் 408 சிசுக்களிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்விலோ, குளிர்விக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு 42, மற்றவற்றில் 31 என்று இறந்தன. பெரியவர்களின் இதய நோய்க்கு இதை அப்படியே பொருத்துவது நியாயமாகாது. ஆனால் ஒரு தேசத்தில் கண்ட பயனை வேறொரு தேசத்தின் வார்டில் சோதியாமல் நடுவது எவ்வளவு கொடிதாக முடியலாம் என்பதை அந்தச் சிசுக்களின் கணக்கு சொல்கிறது.

இவ்வளவும் பார்த்தபின், குளிர்விக்கும் சிகிச்சை வீண் என்று கூற நான் உடன்படேன். 2021-ன் ஆய்வில் காய்ச்சலைத் தடுக்க வேண்டிய கூட்டத்திலும் நூற்றுக்கு 46 பேருக்குக் குளிர்விக்கும் கருவி தேவைப்பட்டது என்பதை மறக்கலாகாது. காய்ச்சல் ஒவ்வொரு டிகிரிக்கும் உடலின் செலவை நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் ஏற்றுவது. அடிபட்ட மூளைக்கு அந்தப் பாரம் தகாது. ஆகையால் வளர்சிதை மாற்றத்தைத் தாழ்த்துவது அவ்வளவாகப் பலிக்காத இடத்தில், அது ஏறாமல் காப்பது பலிக்கிறது என்று கொள்வதே இன்றுள்ள சான்றுகளுக்குப் பொருந்தும். 2002-ன் வெற்றியில் ஒரு பகுதி இதுவாகவே இருந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். மற்றொரு பகுதி, குளிர்விக்கத் தொடங்கிய மருத்துவமனைகள் நினைவிழந்த நோயாளியைக் கைவிடுவதை நிறுத்தி, அவனுடைய ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மூச்சையும் மூன்று நாள் கவனிக்கக் கற்றுக்கொண்டது.

ஒரு குறை மாத்திரம் ஆய்வுகள் அனைத்துக்கும் பொதுவாக நிற்கிறது. அவற்றில் ஒப்பிடப்பட்டவை உஷ்ண இலக்குகள். நோக்கமாகச் சொல்லப்பட்டதோ வளர்சிதை மாற்றம். 33 டிகிரியில் ஆழ்ந்து அமைதியாகக் கிடக்கும் உடலும், 33 டிகிரியில் கழுத்து நரம்பு துடிக்க உதறிக்கொண்டிருக்கும் உடலும் வெப்பமானியில் ஒன்றே. செலவில் இரண்டும் வெவ்வேறு. மூச்சில் ஏறும் பிராணவாயுவையும் வெளிவரும் கரியமில வாயுவையும் கட்டிலருகிலேயே அளக்கும் கருவிகள் நெடுநாளாக உள்ளன. அவற்றைக் கொண்டு ஒவ்வொரு நோயாளியின் செலவையும் மணிக்கணக்கில் குறித்து, யாருக்குக் குளிர் உண்மையில் ஓய்வு தந்தது, யாருக்குப் போராட்டத்தைத் தந்தது என்று பிரித்துப் பார்க்கும் பேராய்வு நடக்க வேண்டும். அதுவரையில், காய்ச்சலைத் தடுப்பதை எல்லாருக்கும் விதியாகவும், 33 டிகிரியைத் தகுந்த வசதியுள்ள இடத்தில் தேர்ந்தெடுத்த சிலருக்கு மாத்திரம் உரியதாகவும் வைத்துக்கொள்வதையே நான் ஆதரிக்கிறேன்.